அண்டை வீட்டாரை அழைத்த பாதிரியார்

1980 ஜூலை 30 அன்று தென் பசிபிக் பெருங்கடலில் வனுவாட்டு என்ற புதிய நாடு பிறந்தது. தலைநகர் போர்ட் விலாவில் விடுதலை விழா நடந்த அந்த நாளில், நாட்டின் மிகப்பெரிய தீவான எஸ்பிரிட்டு சாண்டோ அரசின் கட்டுப்பாட்டில் இல்லை. அங்கே கிளர்ச்சியாளர்கள் தனி நாடு அறிவித்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. புதிய பிரதமருக்கு வயது 37. அவர் ஓர் ஆங்கிலிக்கன் பாதிரியார். அவரிடம் ராணுவம் என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை.

அவர் பெயர் வால்டர் லினி. அடுத்த சில வாரங்களில் அவர் எடுத்த முடிவு, சின்னஞ்சிறு தீவு நாடுகள் தங்கள் அமைதியைத் தாங்களே காத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்குப் பசிபிக் வட்டாரம் அளித்த முதல் விடையாக அமைந்தது. அந்த விடை முழுமையானதா என்ற ஐயம் இன்றும் தீரவில்லை. லினியின் வாழ்க்கையை நினைவுகூர்வதற்கு அந்த ஐயமே போதுமான காரணம்.

1942ஆம் ஆண்டு பென்டகோஸ்ட் தீவில் பிறந்தவர் லினி. அப்போது அத்தீவுக்கூட்டத்தின் பெயர் நியூ ஹெப்ரிடீஸ். உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத ஒரு விசித்திர ஆட்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனும் பிரான்சும் 1906இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இரு பேரரசுகளும் கூட்டாக அத்தீவுகளை ஆண்டன. இரண்டு காவல் துறைகள், இரண்டு கல்வி முறைகள், இரண்டு சிறை நிர்வாகங்கள் இருந்தன. இரு நாட்டவர்க்கும் பொதுவான நீதிமன்றத்துக்குத் தலைவரை நியமிக்கும் உரிமை ஸ்பெயின் மன்னருக்குத் தரப்பட்டிருந்தது. வந்தேறிய ஐரோப்பியர் எந்தச் சட்டத்தின்கீழ் வாழ்வது என்று தேர்ந்தெடுக்க முடிந்தது. மண்ணின் மக்களோ இரண்டு பேரரசுகளில் ஒன்றுக்கும் குடிமக்கள் ஆகாமல், நாடற்றவர்களாகத் தங்கள் சொந்த மண்ணிலேயே வாழ்ந்தார்கள்.

இந்த இரட்டை ஆட்சி மக்களையும் இரண்டாகப் பிளந்தது. ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள் பெரும்பாலும் புரட்டஸ்தாந்து சபைகளைச் சார்ந்தார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் பேசப்பட்ட தீவுகளில், அந்நிய மொழிகள் இரண்டு அரசியல் அணிகளை உருவாக்கின. லினி ஆங்கில அணியின் பிள்ளை. மிஷன் பள்ளிகளில் படித்த அவர், இறையியல் கல்விக்காக முதலில் சாலமன் தீவுகளுக்கும், பின்னர் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கும் சென்றார்.

ஆக்லாந்தில் அவர் கற்றது இறையியல் மட்டுமன்று. மேற்குப் பசிபிக் தீவுகளிலிருந்து வந்த மாணவர்களை அங்கே சந்தித்தார். அவர்கள் சேர்ந்து தொடங்கிய மாணவர் அமைப்பில் லினியும் முன்னின்றார். வெவ்வேறு கொடிகளின்கீழ் வளர்ந்த அந்த இளைஞர்கள் தங்கள் ஊர்க்கதைகளைப் பகிர்ந்துகொண்டபோது, துன்பங்களின் பெயர் மட்டுமே வேறு, உள்ளடக்கம் ஒன்றே என்று கண்டுகொண்டார்கள். பிற்காலத்தில் நெருக்கடி வந்தபோது லினியின் பார்வை இலண்டனைக் கடந்து அண்டைத் தீவுகளை நோக்கித் திரும்பியதற்கு அந்தப் பழக்கமே விதை எனலாம்.

ஊர் திரும்பிப் பாதிரியாராகப் பணியாற்றிய லினி, 1971இல் டொனால்ட் கல்போகாஸ் உள்ளிட்ட நண்பர்களுடன் சேர்ந்து தேசியக் கட்சியைத் தொடங்கினார். பின்னர் அது வனுவாகு கட்சி என்று பெயர் மாறியது. அதன் முதன்மையான கோரிக்கை நிலம். தென்னந்தோப்புகளுக்காகவும் மாட்டுப் பண்ணைகளுக்காகவும் ஐரோப்பியர்கள் வளைத்துக்கொண்ட நிலம் மரபுவழி உடைமையாளர்களுக்கே திரும்ப வேண்டும் என்றது கட்சி. நிலம் விற்பனைப் பொருளாக இல்லாத சமூகத்தில், நிலத்தை இழப்பதென்பது வருமானத்தை இழப்பதைவிடப் பெரிது. குலமும் வழிபாடும் மூதாதையர் நினைவும் அதில்தான் வேரூன்றியிருந்தன. புதிய நாட்டின் அரசியலமைப்பு, எல்லா நிலமும் மண்ணின் மரபுவழி உடைமையாளர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் உரியது என்று வகுத்தபோது, அந்தக் கோரிக்கை சட்டமாயிற்று. 1979 நவம்பரில் நடந்த தேர்தலில் 39 இடங்களில் 26 இடங்களை வென்று லினி முதலமைச்சரானார்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். லினிக்கு எதிராகக் கிளர்ந்த ஜிம்மி ஸ்டீவன்ஸும் தொடங்கிய இடம் நிலம்தான். 1960களில் சாண்டோ தீவின் காடுகளைப் பண்ணையார்கள் மேலும் மேலும் வேலியிட்டபோது, அதை எதிர்த்து எழுந்தது அவருடைய நாக்ரியாமெல் இயக்கம். ஃபனாஃபோ என்ற சிற்றூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஆயிரக்கணக்கானோரை அது ஈர்த்தது. காலப்போக்கில் அதன் போக்கு மாறியது. வனுவாகு கட்சியின் வளர்ச்சியை அஞ்சிய பிரெஞ்சுக் குடியேறிகள் ஸ்டீவன்ஸுக்கு ஆதரவு தந்தார்கள். வரியும் கட்டுப்பாடும் இல்லாத ஒரு தீவு நாட்டை உருவாக்கிவிடத் துடித்த ஃபீனிக்ஸ் அறக்கட்டளை என்ற அமெரிக்க அமைப்பும் அவருடன் சேர்ந்துகொண்டது. பண்ணையாரை எதிர்த்துப் பிறந்த இயக்கம் பண்ணையாரின் தோளில் சாய்ந்தது.

1980 மே 28 அன்று ஸ்டீவன்ஸின் ஆட்கள் சாண்டோவின் நகரமான லுகன்வில்லைக் கைப்பற்றினார்கள். அவர்களில் பலர் கையில் இருந்தவை வில்லும் அம்பும்தான். அதனால் வெளிநாட்டு இதழாளர்கள் அதைத் தேங்காய்ப் போர் என்று கேலி பேசினார்கள். கேலிக்குரியதாக அது இருக்கவில்லை. அலுவலகங்களும் கடைகளும் சூறையாடப்பட்டன. மக்கள் தீவை விட்டு வெளியேறினார்கள். ஜூன் மாதத்தில் தெற்கே தன்னா தீவில் மூண்ட மோதலில் பிரெஞ்சு ஆதரவு அணியைச் சேர்ந்த பேரவை உறுப்பினர் அலெக்சிஸ் யோலு கொல்லப்பட்டார்.

ஆட்சிப் பொறுப்பு அப்போது இரு பேரரசுகளிடமே இருந்தது. பிரிட்டன் கடற்படை வீரர்களை அனுப்பியது. பிரான்சும் படை அனுப்பியது. ஆனால் கூட்டாட்சி உடன்பாட்டின்படி ஒருவர் இசைவின்றி மற்றவர் செயல்பட முடியாது. பிரான்சுக்குத் தயக்கம் இருந்தது. சற்றே தெற்கில் நிக்கல் வளம் மிக்க நியூ கலிடோனியா அதன் ஆளுகையில் இருந்தது. கிழக்கே மொருரோவா பவளத்தீவில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. பசிபிக்கில் விடுதலைக் காற்று வலுப்பதை அது விரும்பவில்லை. இறுதியில் ஜூலையில் இரு நாட்டுப் படைகளும் சாண்டோவில் இறங்கியும், கிளர்ச்சியை அடக்க முனையவில்லை. துப்பாக்கிகள் இருந்தன; அவற்றின் பின்னே அரசியல் உறுதி இல்லை.

விடுதலைக்கு இரண்டு வாரங்களே இருந்த நிலையில், தென் பசிபிக் மன்றத்தின் கூட்டம் கிரிபாட்டி நாட்டின் தராவா தீவில் நடந்தது. லினி அங்கே அண்டை நாட்டுத் தலைவர்களிடம் உதவி கோரினார். கை நீட்டியவர் பப்புவா நியூ கினியின் பிரதமர் ஜூலியஸ் சான். அந்த நாடும் 1975இல்தான் விடுதலை பெற்றிருந்தது. ஐந்து வயதே ஆன ஒரு நாடு, இன்னும் பிறக்காத நாட்டுக்குத் துணை நிற்க முன்வந்தது.

சானின் முடிவு எளிதில் நிறைவேறிவிடவில்லை. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மைக்கேல் சோமாரே படை அனுப்புவதை எதிர்த்தார். நாடாளுமன்றத்தில் கடும் விவாதம் நடந்து, ஒப்புதல் கிடைத்த பிறகே வீரர்கள் புறப்பட்டார்கள். சொர்க்கப் பறவையைக் குறிக்கும் குமுல் என்ற சொல்லே அந்தப் படைக்குப் பெயராயிற்று. கர்னல் டோனி ஹுவாய் தலைமையில் சில நூறு வீரர்கள் ஆகஸ்ட் நடுவில் சாண்டோவுக்கு வந்து பொறுப்பேற்றார்கள். போக்குவரத்துக்கும் தளவாடத்துக்கும் ஆஸ்திரேலியா துணைநின்றது. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வெளியேறின.

வந்த வீரர்களின் டோக் பிசின் மொழியும் உள்ளூர் மக்களின் பிஸ்லாமா மொழியும் அக்காள் தங்கை போன்றவை. முகச்சாயலும் ஒன்று. தங்களை மீட்க வந்தவர்களாகவே பலரும் அவர்களை வரவேற்றார்கள். அந்நியர் படையை எதிர்பார்த்திருந்த கிளர்ச்சியாளர்களுக்குத் தங்களைப் போன்றவர்களே எதிரில் நின்றது பெருங்குழப்பத்தைத் தந்தது. பெரும்போர் எதுவும் நிகழவில்லை. ஆனால் ஆகஸ்ட் இறுதியில், சாலைத் தடுப்பை மீறிச் சென்ற வாகனத்தின் மீது வீரர்கள் சுட்டதில் ஸ்டீவன்ஸின் மகன் எடி உயிரிழந்தார். அடுத்த சில நாட்களில் தந்தை சரணடைந்தார். கிளர்ச்சி முடிந்தது. ஸ்டீவன்ஸுக்குப் பதினான்கரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. குமுல் படை வேலை முடிந்ததும் நாடு திரும்பியது.

இதைப் பொருளியல் கண்கொண்டும் பார்க்கலாம். அன்று வனுவாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,10,000. ஏற்றுமதி என்றால் கொப்பரையும் மீனும் மாட்டிறைச்சியும்தான். இத்தகைய நாடு, எப்போதோ ஒருமுறை வரும் ஆபத்துக்காக ஒரு முழு ராணுவத்தை ஆண்டுதோறும் பராமரிப்பது பள்ளிக்கூடங்களையும் மருத்துவமனைகளையும் அடகு வைப்பதற்கு ஒப்பாகும். பெரிய வல்லரசின் குடைக்கீழ் ஒதுங்கினால் செலவு குறையும். ஆனால் அதன் விலை வேறு வகையில் வசூலிக்கப்படும். அண்டை நாடுகள் ஆபத்தைப் பகிர்ந்துகொள்வது மூன்றாவது வழி. காப்பீட்டின் தத்துவமும் அதுவே. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தீங்கு நேராது என்பதால், இன்று உதவுபவர் நாளை உதவி பெறுவார். லினி அந்த மூன்றாவது வழியைத் தேர்ந்தார்.

ஆயினும் ஒரு திருத்தம் தேவை. குமுல் படை நடுநிலைப் படையன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் பக்கம் நின்று அதன் எதிரிகளைச் சிறைப்பிடிக்க வந்த படை அது. இரு தரப்புக்கும் இடையே நிற்கும் அமைதிப் படைக்கும் அதற்கும் வேறுபாடு உண்டு. அது வெற்றி பெற்றதன் காரணம் வீரம் மட்டுமன்று. மக்கள் வாக்குப் பெற்ற அரசு அழைத்தது. அனுப்பிய நாட்டின் நாடாளுமன்றம் இசைந்தது. வேலை இன்னதென்று வரையறுக்கப்பட்டிருந்தது. முடிந்ததும் அவர்கள் புறப்பட்டார்கள். விருந்தினர் விடைபெறும் நாளை அறிந்திருந்தார்கள் என்பதே அந்த உதவியின் பெருமை.

அண்டை நாட்டுப் படை கிளர்ச்சியை முடித்துவைக்கலாம். கிளர்ச்சியின் காரணத்தை முடித்துவைக்க அதனால் முடியாது. அந்தப் பணி லினியுடையது. அதில் அவர் முழுமையாக வென்றார் என்று சொல்வதற்கில்லை. கிளர்ச்சிக்குத் துணைபோனதாகக் கருதப்பட்ட பிரெஞ்சுக் குடியேறிகள் நாடு கடத்தப்பட்டார்கள். 1981இல் பிரெஞ்சுத் தூதர் வெளியேற்றப்பட்டார். அவை புரிந்துகொள்ளத் தக்க சினங்கள். ஆனால் பிரெஞ்சு மொழியில் கற்ற உள்நாட்டு மக்களும், தோற்ற அணியின் பிள்ளைகள் என்பதாலேயே ஆட்சியின் வாசலுக்கு வெளியே நெடுங்காலம் நிற்க நேர்ந்தது. ஸ்டீவன்ஸ் 1991 வரை சிறையில் இருந்தார்.

வெளியுறவில் லினி காட்டிய துணிவு வியப்புக்குரியது. அணு ஆயுதக் கப்பல்களுக்குத் தம் துறைமுகங்களை மூடினார். 1983இல் அணிசேரா இயக்கத்தில் சேர்ந்தார். பசிபிக்கை அணு ஆயுதமற்ற வட்டாரமாக்கும் ரரொடோங்கா உடன்படிக்கை 1985இல் உருவானபோது, அது போதுமான அளவு கண்டிப்பாக இல்லை என்று கூறிக் கையெழுத்திட மறுத்தார். நியூ கலிடோனியாவின் கனாக் மக்களின் விடுதலைக்கு ஓயாமல் குரல் கொடுத்தார். அமெரிக்க மீன்பிடிக் கப்பல்கள் தீவு நாடுகளின் கடல் உரிமையை மதிக்காமல் சூரை மீனை அள்ளிச் சென்ற காலத்தில், 1987இல் சோவியத் ஒன்றியத்துக்குக் கட்டணத்தின் பேரில் ஓராண்டு மீன்பிடி உரிமை தந்தார். மேலை நாடுகள் பதறின. அதே ஆண்டில் அமெரிக்கா தீவு நாடுகளுடன் மீன்பிடி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. பலவீனர்களுக்கும் பேரம் பேசும் ஆற்றல் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.

1988 மார்ச் மாதத்தில் பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு ஆகிய மூன்றும் போர்ட் விலாவில் கூடி, மெலனீசிய முன்னணிக் குழுவின் கொள்கைகளில் கையெழுத்திட்டன. ஆக்லாந்து மாணவர் அறைகளில் தொடங்கிய உரையாடல் அரசுகளின் உடன்பாடாக வளர்ந்தது.

ஆனால் அந்த நேரத்தில் லினியின் உடல் தளர்ந்திருந்தது. 1987இல் அமெரிக்கப் பயணத்தின்போது மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவு அவரை முடக்கியது. மீண்டு வந்தவர் மாற்றுக் கருத்தைப் பொறுக்காதவராக மாறினார் என்று நெருங்கிய தோழர்களே வருந்தினார்கள். பழைய நண்பர் பராக் சோப்பேயுடன் பிளவு ஏற்பட்டது. 1988 டிசம்பரில் குடியரசுத் தலைவர் சோகோமனு நாடாளுமன்றத்தைக் கலைத்து, சோப்பேயைப் பிரதமராக அறிவித்தார். இருவரும் கைதானார்கள். விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் தண்டனை நீக்கப்பட்டது. லினி அத்தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார் என்பது அவருக்குப் பெருமை சேர்ப்பது. 1991இல் அவர் வளர்த்த கட்சியே அவரைத் தலைமையிலிருந்து இறக்கியது.

அடுத்து நிகழ்ந்ததே அவருடைய வாழ்வின் எதிர்பாராத திருப்பம். புதிய கட்சி தொடங்கிய லினி, 1991 டிசம்பர் தேர்தலுக்குப் பின், தாம் பதினோராண்டு காலம் விலக்கி வைத்திருந்த பிரெஞ்சுமொழி அணியுடனேயே கூட்டணி சேர்ந்தார். மாக்சிம் கார்லோ கோர்மன் பிரதமரானார். பதவி அரசியலின் கணக்கு என்று இதைத் தள்ளிவிடலாம். விளைவு வேறு. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வன்முறையின்றி வாக்குச்சீட்டு வழியாக ஆட்சிக்குள் வந்தார்கள். 1980இல் படையால் செய்ய முடியாததை 1991இல் கூட்டணி செய்தது.

உதவி பெற்ற நாடு உதவி செய்யும் முறையும் விரைவிலேயே வந்தது. சாண்டோவில் நற்பெயர் ஈட்டிய பப்புவா நியூ கினி ராணுவம், 1989 முதல் தன் சொந்தத் தீவான பூகன்வில்லில் கிளர்ச்சியை எதிர்கொண்டது. தாமிரச் சுரங்கத்தில் தொடங்கிய அந்தப் போரில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். ராணுவம் கடுமையான மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகளுக்கு உள்ளானது. அழைப்பின் பேரில் அண்டை வீட்டுக்குச் சென்றபோது பொறுமை காத்த அதே ராணுவம், தன் வீட்டில் தடுமாறியது.

1994இல் பூகன்வில் அமைதி மாநாட்டுக்காகத் தென் பசிபிக் அமைதிப் படை அமைக்கப்பட்டபோது, ஃபிஜி, டோங்கா ஆகியவற்றுடன் வனுவாட்டும் வீரர்களை அனுப்பியது. அந்த மாநாடு கைகூடவில்லை. 1997இல் போர் நிறுத்தம் ஏற்பட்டபின் அதைக் கண்காணிக்கச் சென்ற குழுவிலும் வனுவாட்டின் ஆட்கள் இருந்தார்கள். இம்முறை யாருடைய கையிலும் ஆயுதம் இல்லை. தீவுகளுக்குப் பொதுவான பேச்சுமொழியும் கிராமத்துத் திண்ணையில் அமர்ந்து கேட்கும் பொறுமையும் அவர்களுடைய கருவிகளாயின. அந்த அமைதி நிலைத்தது. 1980இன் விதையிலிருந்து அதைவிட நல்ல மரம் முளைத்தது என்று இதைச் சொல்லலாம்.

1999 பிப்ரவரி 21 அன்று போர்ட் விலாவில் லினி காலமானார். அடுத்த ஆண்டு, அவர் உதவி கோரிய அதே கிரிபாட்டி நாட்டில் கூடிய பசிபிக் தலைவர்கள், ஓர் உறுப்பு நாட்டில் நெருக்கடி வந்தால் மற்றவை கூட்டாக உதவும் நெறியை பிகேடாவா பிரகடனமாக வகுத்தார்கள். அந்த நெறியின்படியே 2003இல் சாலமன் தீவுகளுக்கு வட்டார உதவிப் படை சென்றது. அதிலும் வனுவாட்டு பங்கேற்றது. ஒரு பாதிரியாரின் அவசர வேண்டுகோள் இருபது ஆண்டுகளில் வட்டாரத்தின் விதியாயிற்று.

பருவநிலை மாற்றம் குறித்து நாடுகளின் சட்டக் கடமை என்ன என்று பன்னாட்டு நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையில் முன்நின்று போராடிய நாடும் வனுவாட்டுதான். 2023இல் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜூலையில் நீதிமன்றம் தன் கருத்தை வழங்கியது. தனியே நின்றால் கேட்காத குரல், அண்டை அயலாருடன் சேர்ந்தால் உலகின் செவியை எட்டும் என்ற லினியின் பாடத்தை அந்நாடு மறக்கவில்லை.

லினி குறையற்ற தலைவர் அல்லர். அண்டை நாட்டிடம் காட்டிய நம்பிக்கையை உள்நாட்டு எதிரணியிடம் காட்ட அவருக்குப் பதினோராண்டு பிடித்தது. நெருக்கடியில் அண்டை வீட்டாரை அழைக்கத் துணிவு வேண்டும். அவர்கள் விடைபெற்றுச் சென்றபின், சொந்த வீட்டில் கோபித்துக்கொண்டு வெளியே நிற்பவரை உள்ளே அழைக்க அதைவிடப் பெரிய துணிவு வேண்டும். அமைதிப் படைகளின் வெற்றி தோல்வி இந்த இரண்டாவது அழைப்பில்தான் முடிவாகிறது.